கிள்ளானில் கிடைத்த கடைசி வரி

கோலாலம்பூர் ரயில் நிலையத்தைக் கண்டதும் நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டேன். வெள்ளை வெளேரென்று கும்மட்டங்களும் வளைவுகளுமாக, ஏதோ நவாப் தன் மகள் கல்யாணத்துக்குக் கட்டிய மாளிகைபோல இருந்தது. இதற்குள்ளிருந்து ரயில் புறப்படுகிறது என்று யாராவது சென்னையில் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

“வாங்க சார், நாளைக்கும் இது இங்கேதான் இருக்கும்,” என்றார் சபாபதி. ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் பேட்டையில் தமிழர்கள் நடத்தும் ஒரு வாசகசாலைக்குக் காரியதரிசி. கிள்ளானில் ஒரு சொற்பொழிவு செய்ய வேண்டும் என்று என்னை அழைத்தவர் அவர்தான். அவருடைய ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் எனக்கு ஜாகை.

ரிக்‌ஷாவில் ஏறினோம். வண்டிக்காரச் சீனர் என்னையும் என் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று சபாபதியைக் கேட்டேன். “ஆள் இருக்கிறதே தெரியலையாம், பெட்டிக்குள்ள கல்லா இருக்குன்னு கேக்கறார்,” என்று மொழிபெயர்த்தார். புத்தகம் என்று சொல்லச் சொன்னேன். அதைக் கேட்டதும் வண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். தெருவெங்கும் சீன எழுத்துப் பலகைகள், ஒரு கடை விட்டு ஒரு கடை தமிழ் எழுத்து, நடுவே மலாய்க்காரர்களின் கைலிகள், சீக்கியர்களின் தலைப்பாகைகள். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் யார் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு காலேஜில் அரசியல் சாஸ்திரம் கற்பிக்கிறவன். அப்படி ஒரு பாடம் இருப்பதையே நம்மவர்களில் பலர் நம்புவதில்லை. பெண் பார்க்கப் போனபோது என் மாமனார், “அரசியலைப் பள்ளிக்கூடம் வைத்தா சொல்லித் தருகிறார்கள்?” என்று கேட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சம்பளத்தை இன்னொரு தடவை விசாரித்தார். வகுப்பறையில் எனக்குப் பேர் உண்டு. ஒரு வாரப் பத்திரிகையில் உலக நடப்பைப் பற்றித் தவறாமல் எழுதியும் வந்தேன்.

எழுதுவதில் எனக்கு ஒரு முறை இருந்தது. எந்தப் பிரச்னையை எடுத்தாலும் ஒரு பக்கத்து நியாயத்தைச் சொல்வேன், மறுபக்கத்து நியாயத்தைச் சொல்வேன், பிறகு “இரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பது அறிவுடையோர் கடன்” என்று முடித்துக் கையெழுத்துப் போடுவேன். யாருக்கும் கோபம் வராது. என் மனைவி கமலாவுக்கு மட்டும் வரும். “காப்பியா மோரா என்று கேட்டால்கூட இரண்டின் பெருமையையும் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பீர்கள். நான் இரண்டையும் கொண்டுவந்து வைக்க வேண்டும்,” என்பாள்.

நான் கப்பல் ஏறும் முன் எங்கள் பிரின்ஸ்பால் துரை கூப்பிட்டனுப்பினார். எங்கள் இலாகாவின் தலைமைப் பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். அவர் அறையில் கடலைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் உண்டு. காலேஜில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அந்த ஜன்னல் மேல் எனக்கு ஒரு கண். “அந்த நாற்காலி உமக்குத்தான்,” என்றார் துரை. “ஆனால் பத்திரிகையில் எழுதுவதை நிறுத்த வேண்டும். மேடையிலும் அரசியல் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. சம்மதமா இல்லையா என்று மலாயாவிலிருந்து தந்தி கொடும்.” நானும் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நாற்காலியா எழுத்தா என்று கப்பல் முழுக்க யோசித்ததில் இரண்டு பக்கத்து நியாயங்களும் பிரமாதமாகத் தெரிந்தன. முடிவு மட்டும் வரவில்லை.

மறுநாள் காலை சபாபதி லீவு சொல்லிவிட்டு வர ஆபீசுக்குப் போனார். சவரம் செய்துகொள்ளலாம் என்று தெருமுனையிலிருந்த முத்தையாவின் கடைக்குப் போனேன். இரண்டு நாற்காலி, ஒரு நீள பெஞ்சு, பெஞ்சு நிறைய ஆட்கள். ரயில்வே பட்டறைக்காரர்கள், வண்டிக்காரர்கள், வேலை முடிந்து வந்த காவலாளி ஒருவர். சவரத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம், சும்மா வந்தவர்கள் நிறைய. எனக்கு முறை வர நேரமாகும்போலிருந்தது. ஆணியில் ஒரு பத்திரிகை தொங்கியது. பார்த்தால் நம் பத்திரிகை! கப்பலில் வந்து சேர்ந்த பழைய இதழ். என் கட்டுரை இருக்கும் பக்கத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடல் கடந்து வந்த இடத்தில் தன் எழுத்தைத் தானே படிக்கிற சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

“அண்ணே, என்ன பண்றீங்க?” என்று முத்தையா கேட்டார்.

“படிக்கிறேன்.”

“படிக்கிறீங்களா? எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே.”

பெஞ்சு முழுவதும் என்னைக் குற்றவாளிபோலப் பார்த்தது. முத்தையா கத்தியைத் துடைத்துக்கொண்டே பொறுமையாக எடுத்துச் சொன்னார். “ஊருக்குப் புதுசு போல. இந்தக் கடையில வாய்க்குள்ள படிக்கிற வழக்கம் இல்லைங்க. பேப்பரைத் தூக்கினா சத்தமாப் படிக்கணும். இல்லன்னா ஆணியில மாட்டிடணும். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாதுலா. நீங்க ஒருத்தரே தின்னா எப்படி?”

எனக்கு ஒரே குஷி. நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ளாமல் என் கட்டுரையை நானே உரக்கப் படிக்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். சொத்தும் படிப்பும் இல்லாத கூலிக்காரர்களுக்கு ஓட்டுரிமை வேண்டுமா என்பது விஷயம். நம் ஊரில் நிலமோ வரியோ படிப்போ இருக்கிறவனுக்குத்தான் அப்போது ஓட்டு.

முதல் வாக்கியத்திலேயே மூச்சு வாங்கியது. வகுப்பில் நான் இதைவிட நீளமாகப் பேசியிருக்கிறேன். ஆனால் அங்கே மாணவர்கள் தூங்குவார்கள், இங்கே விழித்திருந்தார்கள். முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர், “அண்ணே, இந்த வாக்கியம் எங்க போய் நிக்கும்?” என்று கேட்டார். இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும் என்றேன். “அதுக்குள்ள நுரை காஞ்சிடும்,” என்றார்.

ஒருவழியாக அறிவுடையோர் கடனுக்கு வந்து சேர்ந்து பத்திரிகையை மடித்தேன்.

“அப்புறம்?” என்றார் முத்தையா.

“அவ்வளவுதான்.”

“முடிவு?”

“முடிவு ஒன்றும் எழுதவில்லை.”

“அச்சுல விட்டுப்போயிருக்கும்,” என்று காவலாளி சமாதானம் சொன்னார். “இந்தப் புரொபசர் எழுதுறதுக்கு மட்டும் வாராவாரம் அப்படித்தான் ஆகுது. காசிம் பாய் வரட்டும். அவர் சொல்வாரு.”

அந்தக் காசிம் பாய் அடுத்த நிமிஷமே வந்தார். சைக்கிளின் பின்னால் துணிக்கட்டு, தலையில் கறுப்புக் குல்லா, வாய் நிறைய வெற்றிலை. கீழக்கரைப் பக்கத்துக்காரர். தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேலை விற்கிறவர் என்பது பிறகு தெரிந்தது. என் கையிலிருந்து பத்திரிகையை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். நான் இரண்டு பத்தியில் இழுத்ததை ஒரு குடும்பச் சண்டையாக்கினார். சமைக்கிறவள் ஒருத்தி, சாப்பாட்டில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறவன் இன்னொருத்தன். அவள் வாயைத் திறந்தால் உனக்கென்ன தெரியும் என்று அடக்குகிறான். பெஞ்சு சிரித்தது, ஆமாம் போட்டது, கோபித்துக்கொண்டது. கடைசியில் காசிம் பாய் கையை ஓங்கி, “ஆக, புரொபசர் என்ன சொல்றாருன்னா, உழைக்கிறவன் அத்தனை பேருக்கும் ஓட்டு வேணும், ஆம்பளைக்கும் வேணும், பொம்பளைக்கும் வேணும், அதுல ரெண்டு பேச்சுக் கிடையாது!” என்று முழங்கினார். பெஞ்சு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டது. தீர்ப்பு வந்துவிட்டதல்லவா, இனி வேலைக்குப் போகலாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்படி அதில் எங்கே எழுதியிருக்கிறது?” என்று கேட்டேன்.

“வரியைப் படிச்சாத் தெரியாது சார். ஆளோட மனசைப் படிக்கணும்.”

“அவர் மனசு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நல்லாக் கேட்டீங்க. வாரம் தவறாமப் படிக்கிறேன். அந்த மனுசனுக்கு மனசுல இருக்கு, வாய் வரைக்கும் வருது, அங்கேயே நின்னுடுது. பயந்த ஆளு. நான் கொஞ்சம் தள்ளிவிடுறேன், அவ்வளவுதான்.”

அந்த நேரம் பார்த்துச் சபாபதி வாசலில் வந்து நின்று, “புரொபசர் சார், உங்களை வீடு முழுக்கத் தேடறேன், இங்கே இருக்கீங்களா?” என்றார்.

முத்தையாவின் கத்தி அந்தரத்தில் நின்றது. காசிம் பாய் மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, “இவ்வளவு ஒல்லியாவா இருப்பாரு?” என்று சபாபதியிடம் வருத்தப்பட்டார்.

கோபம் எத்தனை நேரம் நிற்கும்? அவரே என்னைச் சீனர் ஒருவரின் கோப்பிக்கடைக்கு அழைத்துப் போனார். காப்பிக்கொட்டையை வெண்ணெயில் வறுப்பார்களாம். கன்னங்கரேலென்று பீங்கானில் வந்தது. எல்லோரும் அதைச் சாசரில் ஊற்றி உறிஞ்சினார்கள். நம் டபராவில் ஆற்றிக் குடித்துப் பழகிய கை எனக்கு. சாசரைத் தூக்கியதில் பாதி சட்டையில் போயிற்று. மீதிப் பாதி அமிர்தம். கூடவே சுடச்சுட ரொட்டியும், உள்ளே நெய்போல உருகுகிற தேங்காய் ஜாமும். கமலாவுக்குக் கொஞ்சம் கட்டிக்கொண்டு போக முடியுமா என்று விசாரித்தேன். கப்பலில் எறும்பு வரும் என்றார்கள்.

“வேறு என்னவெல்லாம் நான் சொல்லியிருக்கிறேன்?” என்று கேட்டேன். பயத்தைக் காட்டிலும் ஆவல்தான் அதிகமாயிருந்தது.

காசிம் பாய் யோசித்தார். “தோட்டத்துல கள்ளுக்கடையை மூடணும்னு சொல்லியிருக்கீங்க.”

“கள்ளுக்கடையைப் பற்றி நான் எழுதினதே இல்லையே!”

“சம்பளத்தைக் கள்ளுக்கடையில கொடுத்துட்டா சேலை யார் சார் வாங்குவா?”

“பெண்களுக்கும் ஓட்டு என்றீர்களே, அது?”

“சேலை வாங்குறதே அவங்கதான். அவங்களுக்கு மட்டும் கிடையாதுன்னு அவங்க குடியிருக்கிற லயத்துலயே நின்னு எப்படிச் சொல்றது? ஆனா சார்,” என்று சாசரைக் கீழே வைத்தார், “வியாபாரத்துக்குச் சொல்ல ஆரம்பிச்சேன், நெசம்தான். சொல்லச் சொல்ல அது சரின்னு பட்டுப்போச்சு. உங்களுக்குப் படலையா?”

நான் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது சரி என்றுதான் வெகு நாளாகப் பட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் கிள்ளானுக்குப் புறப்பட்டோம். காசிம் பாய் ஒரு சிநேகிதரிடமிருந்து மோட்டார் காடி இரவல் வாங்கி வந்திருந்தார். ரயிலில் போனால் சுகமாகப் போகலாம் என்று சபாபதி முணுமுணுத்தது எடுபடவில்லை. காடியின் பின்பக்கம் முழுவதும் துணிக்கட்டு. முதலில் மேருப் பக்கம் ஒரு தோட்டத்தில் அதை இறக்கிவிட்டுக் கிள்ளானுக்குத் திரும்பலாம் என்பது அவர் கணக்கு. இருபுறமும் கித்தா என்கிற ரப்பர் மரங்கள். எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் வரிசை, வரிசைக்குள் வரிசை, ஒவ்வொரு மரத்திலும் ஒரு சிறு கிண்ணம். நம் ஊர்த் தோப்புகளில் மரங்கள் தம் இஷ்டத்துக்கு நிற்கும். இங்கே துரைமார் மரத்தையும் அணிவகுக்க வைத்திருக்கிறார்கள்.

மழை பிடித்தது. நம் ஊர் மழை தூறிச் சகுனம் காட்டிவிட்டு வரும். மலாயா மழைக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. நின்ற வேகமும் அப்படியே. நின்றபோது எங்கள் காடி செம்மண் சேற்றில் அச்சுவரை அமிழ்ந்திருந்தது. நான் இறங்கித் தள்ளினேன். சக்கரம் சுழன்று என் வெள்ளை வேட்டிக்கு நல்ல காவி ஏற்றியது. சபாபதி கடிகாரத்தைப் பார்த்துக் கையைப் பிசைந்தார்.

மரங்களுக்கு நடுவிலிருந்து சில பெண்கள் வந்தார்கள். பால் வெட்டுகிறவர்கள். மழையில் வேலை நின்று லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். “பாய், சேலையைச் சேத்துலயா விக்கப் போறீங்க?” என்று முன்னால் வந்தவள் கேட்டாள். அஞ்சலை என்று பேர். வாளிகளை ஓரமாக வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லோருமாகத் தள்ளியதில் காடி ஒரே மூச்சில் கரையேறியது. நான் தள்ளியதும் அதில் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

“இவர் யாரு தெரியுமா? புரொபசர்!” என்றார் காசிம் பாய், தான் பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல.

அஞ்சலை என்னை உற்றுப் பார்த்தாள். “கூலிக்காரங்களுக்கு ஓட்டு வேணும்னு எழுதினாரே, அவரா? பொம்பளைக்கும் சேர்த்துக் கேட்டாரே?”

நான் வாயைத் திறக்கும் முன்பே காசிம் பாய் தலையாட்டினார்.

“இந்தச் சீமையில எங்களுக்கு ஓட்டும் இல்ல ஒண்ணும் இல்லைங்க. ஊர்ல எங்க அண்ணன் கூலி வேலைதான் பாக்குது. அதுக்கு லெட்டர்ல எழுதிப் போட்டேன், நம்மளையும் மனுசன்னு சொல்ல ஒரு படிச்ச ஐயா இருக்காருன்னு. இன்னிக்கு லோரியில வரோம் ஐயா, கிள்ளானுக்கு. கிராணிகிட்ட கோயில் பூசைன்னு சொல்லியிருக்கு. உங்க வாயால ஒரு தடவை கேட்டுட்டு வந்துடறோம்.”

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். அவருக்குத் தெரிந்தால் இவர்கள் பாடு திண்டாட்டம். காடி நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். எழுதாத வரிக்காக என்னைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு நிறைய சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க அந்தச் சமயம் எனக்குத் தோன்றவில்லை.

கிள்ளானில் ஆற்றங்கரையோரம் ஒரு மலாய்க் கிழவி மங்குஸ்தீன் பழம் விற்றுக்கொண்டிருந்தாள். என் வேட்டியைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள். “உங்க ஊர்ல இப்படித்தான் சாயம் போடுவீங்களான்னு கேக்கறா,” என்றார் சபாபதி. பழத்தை இரண்டு கையாலும் அமுக்கித் திறக்கக் கற்றுக்கொடுத்தாள். உள்ளே வெள்ளைச் சுளை. தித்திப்பும் புளிப்பும் கலந்து நாக்கில் கரைந்தது. நம் மாம்பழத்தின் மேல் எனக்கு இருந்த பக்தி கொஞ்சம் ஆட்டம் கண்டது உண்மை. வேட்டி மாற்ற நேரமில்லை. காவி வேட்டியோடு மேடையேறினேன். சாமியார் யாரோ வந்திருக்கிறார் என்று முதல் வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கொட்டகை நிரம்பி வழிந்தது. கடைக்காரர்கள், ரயில்வேக்காரர்கள், துறைமுகத்துக் கூலிகள். முத்தையா கடையைச் சாத்திவிட்டுப் பெஞ்சு ஆட்களோடு ரயிலில் வந்திருந்தார். பின்பக்கம் லோரியில் வந்திறங்கிய தோட்டத்து ஜனங்கள், அவர்களில் அஞ்சலை. மேடைக்கு நேர் கீழே ஒரு நாற்காலியில் தமிழ் தெரிந்த போலீஸ் அதிகாரி ஒருவர், மடியில் காகிதம், கையில் பென்சில்.

“அனுமதி வாங்கும்போதே சொல்லிட்டாங்க,” என்று சபாபதி காதோடு சொன்னார். “ஆட்சி முறைகளைப் பற்றிய அறிமுகம், அவ்வளவுதான். நீங்க பேசறது எழுத்தாகி எங்கே வேணாலும் போகும். மெட்ராசுக்கும் போகும். பார்த்துப் பேசுங்க சார். பின்னால் நம்பி வந்திருக்கிற ஜனங்களையும் பார்த்துக்குங்க.” அவர் இரண்டாவது சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாயிருந்தது.

தலைவர் என்னைவிட அதிக நேரம் பேசினார். மாலை போட்டார்கள். நான் எழுந்தேன். ஆரம்பத்தில் பழக்க தோஷம் விடவில்லை. ராஜா ஆளும் நாடு, சபை ஆளும் நாடு, ஒரு பக்கம், மறுபக்கம். ஆனால் முத்தையா கடையில் மூச்சு வாங்கியது ஞாபகம் வந்து வாக்கியங்களைச் சின்னதாக்கினேன். காசிம் பாயின் குடும்பச் சண்டையைக் கூசாமல் கடன் வாங்கிக்கொண்டேன். கொட்டகை சிரித்தது. அந்தச் சிரிப்பு கேட்டதும் எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. வகுப்பறையில் இத்தனை வருஷம் கத்தியும் ஒரு முகத்தில்கூட நான் காணாத வெளிச்சத்தை அங்கே வரிசை வரிசையாகக் கண்டேன்.

ஓட்டுரிமைக்கு வந்தேன். சொத்துள்ளவர்கள் சொல்லும் நியாயத்தைச் சொன்னேன். இல்லாதவர்கள் நியாயத்தைச் சொன்னேன். “இரண்டையும்” என்று வாய் தானாகவே ஆரம்பித்து நின்றது.

எல்லோரும் காத்திருந்தார்கள். காசிம் பாய் தூணில் சாய்ந்துகொண்டு, இந்த ஒரு தடவை தான் பேசப் போவதில்லை என்பதுபோல உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். எனக்குக் கடலைப் பார்த்த அந்த ஜன்னல் கண்ணில் தெரிந்தது. துரையின் முகம் தெரிந்தது.

பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “முடிவைச் சொல்லுங்க ஐயா!” அஞ்சலைதான்.

“வேண்டும்!” என்றேன். நான் நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்தது. “உழைக்கிற அத்தனை பேருக்கும் ஓட்டு வேண்டும்.”

“பொம்பளைக்கும் சேர்த்துத்தானே?”

“ஆணுக்கும் வேண்டும், பெண்ணுக்கும் வேண்டும். இதில் எனக்கு இரண்டு பக்கம் கிடையாது.”

பிறகு நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. அப்படி ஒரு கைதட்டல். முத்தையா பெஞ்சின் மேல் ஏறி நின்றார். “நான்தான் அப்பவே சொன்னேனே, இவரு மனசுல இருக்குன்னு நான்தான் சொன்னேனே!” என்று காசிம் பாய் ஒவ்வொருவர் தோளையும் பிடித்துக் குலுக்கினார். அஞ்சலை கைதட்டவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

கூட்டம் கலைந்தது. நான் மேடையிலிருந்து இறங்கும்போது அந்தப் போலீஸ் அதிகாரி எதிரே வந்து வணங்கினார். மரியாதையான மனிதர்.

“சார், கடைசியில நீங்க சொன்னது கைதட்டல்ல சரியாக் கேக்கலை. ரிப்போர்ட்டுல எழுதணும்.” சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு பக்கத்து நியாயத்தையும் எடுத்துச் சொன்னாருன்னு எழுதிடட்டுமா? அதுவும் உண்மைதானே. யாருக்கும் சங்கடம் இல்லை.”

எத்தனை நல்ல உள்ளம் பாருங்கள். கைதட்டியவர்கள் போய்விட்டார்கள். மேடையில் ஆவேசத்தில் சொன்னதை இங்கே தனியாக, ஒரு சத்தமும் இல்லாமல், அழகாக விழுங்கிவிடலாம். கொட்டகை வாசலில் லோரி உறுமத் தொடங்கியது. கோயில் பூசைக்கு வந்தவர்கள் ஒருவர் கையைப் பிடித்து ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“வேண்டாம்,” என்றேன். “எழுதிக்கொள்ளுங்கள். மெதுவாகவே சொல்கிறேன்.”

சொன்னேன். வார்த்தைக்கு வார்த்தை, அவர் பென்சில் வந்து சேரும் வரை நின்று நின்று சொன்னேன். பெண்களுக்கும் என்பதை அவர் எழுதிவிட்டாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன். பிறகு அவர் கேட்டார், “உத்தியோகம் என்னன்னு போடட்டும்?”

“பேராசிரியர்,” என்றேன். “இன்றைக்கு வரைக்கும்.”

மறுநாள் காலை கிள்ளான் தபாலாபீசில் துரைக்குத் தந்தி கொடுத்தேன். காரணங்களை விளக்கி நான் நீளமாக எழுதியதைக் காசிம் பாய் எட்டிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, நீளம் தெரியும். “இதையும் நான்தான் முடிச்சுச் சொல்லணுமா சார்?” என்றார். கிழித்துப் போட்டுவிட்டு, சம்மதமில்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

புறப்படும் அன்று முத்தையா சும்மா விடவில்லை. நாற்காலியில் உட்கார வைத்துப் பெஞ்சு முழுவதும் பார்த்திருக்கச் சவரம் செய்துவிட்டார். “இனிமே கடைசி வரி அச்சுல விட்டுப்போகாதுலா?” என்று காவலாளி கேட்டார். போகாது என்று வாக்குக் கொடுத்தேன். காசிம் பாய்க்கு மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல். தன் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது என்றார். பிறகு கமலாவுக்கென்று ஒரு நல்ல மயில்கழுத்து நிறச் சேலையைக் கட்டிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீடு வந்து சேர்ந்தேன். காலேஜிலிருந்து கடிதம் எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. அதில் வேலை போன செய்திதான் இருக்கும் என்று எனக்கும் தெரியும், கமலாவுக்கும் தெரியும். அவள் அதை மேஜைமேல் வைத்துத் தண்ணீர்ச் சொம்பால் மூடியிருந்தாள். காவிக்கறை போகாத வேட்டியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

“வெயிலில் வந்திருக்கிறீர்கள். காப்பியா, மோரா?”

“காப்பி,” என்றேன்.

அடுக்களைப் பக்கம் திரும்பியவள் நின்றுவிட்டாள். “மறுபக்கம்?”

“கிடையாது. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடு.”